மூடியின் மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு

டோர்ட்மண்ட்
23.11.2025, ஞாயிறு

அன்பு மகள் தேனுஜாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் இங்கே உடம்பளவில் நல்ல சுகம், நீயும் தைப்பேயில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து ஒரு நோய்நொடியும் இல்லாமல் இருக்க நயினை அம்மாள் துணை நிற்க வேண்டும். மனச்சுகத்தைக் கேட்டால் ஒரு வரியில் சொல்ல ஏலாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பாவுக்கு என்ன விசரா, தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று நீ நினைப்பாய். உன் கொம்பனியில் இப்போது எல்லோருடைய போனையும் வாங்கிச் சோதிக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய், அதைக் கேட்டதிலிருந்து உன்னிடம் சாப்பிட்டாயா என்று போனில் கேட்கவே எனக்கு நாக்குத் தடுமாறுகிறது. இன்னொன்றும் உண்டு. பாரமான கதை ஏதாவது தொடங்கினால் நீ மீற்றிங் இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிடுவாய். கடிதம் அப்படி இல்லை, பாதியில் வைத்தாலும் மேசையில் கிடக்கும். ஆகவே வீட்டுக்குப் போய், கதவைப் பூட்டிக்கொண்டு, தனியாக இருந்து கடைசி வரைக்கும் வாசி.

முதலில் வீட்டுப் புதினம். அம்மாவின் முழங்காலுக்கு டொக்டரைப் பார்க்கிற நாள், அந்தத் தெர்மீன், தை மாதத்தில்தான் கிடைத்திருக்கிறது, அதுவரைக்கும் நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிக்கொண்டு நாலு மாடியும் ஏறி இறங்குகிறாள், சொன்னால் கேட்கிற ஆளா அவள். எங்கள் பாண் பேக்கரியில் புதிதாக ஒரு பெரிய அடுப்புப் பூட்டியிருக்கிறார்கள், மாவு போட்டால் தானாகவே வெந்து மற்றப்பக்கத்தால் வருகிறது, அதைப் பார்த்து இனி யாரை வீட்டுக்கு அனுப்புவார்களோ என்று எல்லோருக்கும் பயம், எனக்கு எல்லோரையும் விடக் கூடப் பயம். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் தபால்பெட்டிக்குள் மஞ்சள் கவர் கிடந்தால் நான் அதைப் பிரிக்காமல் அம்மாவின் கையில் கொடுத்துவிடுவேன், கோர்ட்டிலிருந்தும் அரசாங்கக் கந்தோர்களிலிருந்தும் வருகிற பொல்லாத கடிதமெல்லாம் அந்த நிறத்தில்தானே வரும். அம்மா அதைப் பாண் வெட்டுகிற கத்தியால் கிழித்து வாசித்துவிட்டு, கார் கொஞ்சம் வேகமாய் ஓடியதற்குத் தண்டம், இதுக்கோ உங்கட முகம் இப்பிடி வெளிறினது என்று சிரிப்பாள். அப்படிச் சிரிக்கிறவள் இந்த மூன்று கிழமையாகச் சிரிக்கவில்லை பிள்ளை. இந்த முறை வந்த மஞ்சள் கவரில் வந்த மஞ்சள் இல்லை.

நவராத்திரிக்கு நீ வந்து நின்றாய் அல்லவா, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வர ஏலாதென்று, உங்கள் கொம்பனி செய்து இன்னும் கடைக்கே விடாத அந்தப் புது லப்டொப்பைக் கையோடு கொண்டுவந்தாய். அதற்கு மேலே கறுப்பு றபர்ச் சட்டை ஒன்று போட்டிருந்தது, பார்த்தால் பழைய சாமான் விற்கிற சந்தையில் வாங்கியது போலிருக்கும். கொண்டுதிரிய எனக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் சட்டையைக் கழற்றி ஒருவருக்கும் காட்டக் கூடாது, ஒருவரும் தொடாதேங்கோ என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிட்டு டார்ம்ஸ்டாட்டுக்கு உன் சிநேகிதி சுபானியைப் பார்க்கப் போய்விட்டாய். அடுத்த நாள் சரஸ்வதி பூசை. அம்மா கும்பத்துக்கு முன்னால் உன்னுடைய பழைய பள்ளிப் புத்தகங்களை அடுக்கினாள், தன்னுடைய தையல் கத்தரிக்கோலை வைத்தாள், நான் பேக்கரிக்குப் போட்டுப் போகிற தொப்பியைக்கூடத் தோய்த்து மடித்து வைத்தாள். எல்லாம் வைத்த பிறகுதான் அவளுக்கு உன் நினைவு வந்தது. பிள்ளையின்ர தொழில் அலுமாரிக்குள்ள கிடக்க என்ர கத்தரிக்கோலுக்கு என்ன பூசை வேண்டிக் கிடக்குது என்று சொல்லி அதையும் எடுத்து வைத்துவிட்டாள். றபரில் சந்தனம் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அதனால் சட்டையைக் கழற்றினாள். மூடியின் மூலையில் மோதிர விரலால் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள், குங்குமம் கறை பிடிக்கும், மெசினுக்குக் கூடாது என்று அதோடு நிற்பாட்டினாள், பார் எவ்வளவு கவனம். பிறகு வருடா வருடம் செய்வது போலவே முழுப் பூசையையும் ஒரு படம் எடுத்துத் தன் சகோதரங்களின் வாட்ஸ்அப் குறூப்பில் போட்டாள். நீ அந்தக் குறூப்பில் இல்லை, காலை வணக்கப் படங்களின் தொல்லை தாங்காமல் எப்போதோ கழன்றுவிட்டாய். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கற்பூரமே காட்டி முடிந்திருந்தது. நீ சொன்ன கட்டளை எனக்கு நினைவிருந்தது, ஆனாலும் சாமிக்கு முன்னால் இருப்பதை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு அவலும் கடலையும் சாப்பிட்டோம்.

அந்தக் குறூப்பில் டுசல்டோர்ஃபில் இருக்கிற உன் பாலாம்பிகைப் பெரியம்மாவும் இருக்கிறாள், அவளின் மகன் துவாரகனும் இருக்கிறான். போன் கடை வைத்திருக்கிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனால் அவனுக்கு ஒரு விசர் உண்டு. அடுத்த வருடம் எந்த லப்டொப் எந்த வடிவில் வரும், உள்ளே என்ன புரொசசர் இருக்கும், எவ்வளவு வேகம் ஓடும் என்று இன்டர்நெற்றில் உலகம் முழுக்கக் கொஞ்சப்பேர் இருந்து ஊகித்துக்கொண்டே இருக்கிறார்களாம், அவர்களின் கூட்டத்தில் இவனும் ஒருவன். போன மாதக் கடைசியில் சின்னம்மாவின் பூசைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். இப்படியொரு மூடியும் அதைத் திறந்து மூடுகிற இப்படியொரு பிணைச்சலும் கடையில் இல்லையே என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. கும்பத்தை வெட்டி, புத்தகத்தை வெட்டி, என் தொப்பியை வெட்டி, லப்டொப்பின் ஒரு மூலையை மட்டும் எடுத்து அந்தக் கூட்டத்தில் போட்டுவிட்டான். போட்டவன் யார் என்று தெரியாத ஒரு பெயரில் போட்டிருக்கிறான். உனக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். சித்தப்பா, நான் முதல் ஆளாய்ப் போட்டனான் எண்டு ஒரு நாள் பெருமைக்குத்தான் என்று பிறகு போனில் அழுதான். அவனை ஏசக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு என்னை விட நல்லாய்த் தெரியும். ஆனால் நான் அதை எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. பேக்கரியில் இடைவேளைக்கு இருந்து போனைத் தட்டினால் அந்த மூலைதான் வந்துகொண்டிருந்தது. ஒருவர் சொல்கிறார், பக்கத்தில் காற்றுப் போகிற ஓட்டை இல்லை, அப்படியென்றால் உள்ளே விசிறி இல்லை, அப்படியென்றால் சூடே ஏறாத புதுப் புரொசசர் வரப்போகிறது, ஆகவே இப்போது இருக்கிற மாடலை ஒருவரும் வாங்காதீர்கள் என்று. இன்னொருவர் பிணைச்சலை மட்டும் கோடு போட்டு அளந்து காட்டுகிறார். எல்லோருக்கும் மேலாக அந்த மஞ்சள் வட்டம். அது விரலடையாளம் வைக்கிற புதுப் பொத்தான் என்று ஒருவர், இல்லை, சார்ஜ் ஏறினால் எரிகிற விளக்கு என்று இன்னொருவர், வயர் இல்லாமல் சார்ஜ் பண்ணுகிற இடம் என்று படம் கீறி விளக்குகிற இன்னொருவர். வேறு நாளென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். உலகத்தில் உள்ள கெட்டிக்காரர் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ள, அது கடையில் வாங்கின சந்தனத்தூளைப் பன்னீர் விட்டுக் குழைத்து அம்மா வைத்த பொட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் பாதிப் பாணைத் திரும்பவும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அருகில் இருந்த போலந்துக்காரர் என்ன, சுகமில்லையா என்று கேட்டார். பல்வலி என்று சொன்னேன்.

அப்போதும் எனக்கு உன்னைப் பற்றிய பயம் மட்டும்தான். கொம்பனி கண்டுபிடித்தால் உன்னை வேலையால் நிற்பாட்டும், வழக்குப் போடும், அம்மாவைத் தேடிப் பொலிஸ் வரும், கதவில் பெல் அடிக்கும் என்று நானே மனதுக்குள் ஒவ்வொன்றாய் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொன்னாள், ஆனால் அவள் முகமும் பேயறைந்தது போலத்தான் இருந்தது. பிறகுதான் போன கிழமை நீ போன் எடுத்துச் சொன்னாய், ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று. உன்னோடு வேலை செய்கிற நொயல் என்கிற பிலிப்பீன்ஸ் பெடியன், எல்லா லப்டொப்பும் ஒரே மாதிரி இருப்பதால் தன்னுடையதை அடையாளம் காண மூலையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தானாம், படத்தில் தெரிகிற மஞ்சள் அதுதான் என்று சொல்லி அவனை வீட்டில் இருத்திவிட்டார்களாம், மார்கழி நடுவில் விசாரணை வைத்து முடிவு சொல்வார்களாம். வேலை போனால் விசாவும் போய்விடும் என்றாய். இவ்வளவையும் நீ ஒரே மூச்சில் சொன்னாய். அம்மா அவனுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று கேட்டாள். மனுசிக்கு ஏழு மாசம் அம்மா என்றாய். பிறகு மீற்றிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய்.

நீ வைத்த பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் உண்மையைச் சொல்கிறேன் மகள், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, என் பிள்ளை தப்பிவிட்டாள் என்றுதான் நெஞ்சு சொன்னது. அந்தச் சூட்டோடு சூடாக அம்மாவின் போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தேன். குறூப்பில் எல்லோருக்கும் போன் எடுத்து, போனில் வைரஸ் வருகிற படம், அழித்துவிடுங்கோ என்று பொய் சொன்னேன், அவர்களும் பயத்தில் அழித்துவிட்டார்கள். துவாரகனிடம் வெட்டாத படத்தையும் அழி, வாயையும் திறக்காதே என்றேன். அம்மாவும் தடுக்கவில்லை. என்ர பிள்ளையின்ர தலையில நானே மண்ணள்ளிப் போடுறதோ என்றுதான் அவளும் முதலில் சொன்னாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் சாமி அறையில் விளக்கு வைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டுத் தந்துவிட்டுத் தான் சாப்பிடாமல் எழும்பிப் போவாள். கேட்டால், ஏழு மாசத்தில நித்திரை வராது, இதில இதுவும் வந்தால் அந்தப் பெட்டை என்ன செய்யும் என்பாள். எனக்கும் விளங்காமல் இல்லை. நீ வயிற்றில் இருந்த காலத்தில்தான் எங்கள் அகதி விண்ணப்பத்தை, அந்த அன்ட்ராக்கை, மறுத்தார்கள். முகாம் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பைகள் எந்த நேரமும் கட்டியபடி இருக்கும், படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பாள். என்னுடைய மஞ்சள் கவர்ப் பயம் அங்கே பிடித்த பயம். அதே பயத்தை நான் இன்னொரு வீட்டுக் கதவில் கொண்டுபோய்த் தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மா சாமி அறைக்குள் போனாள். வருடா வருடம் நவராத்திரிப் படத்தைக் கடையில் உள்ள மெசினில் பிரிண்ட் எடுத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகி வைப்பாள் அல்லவா, அதை நான் மறந்தே போனேன். அதை எடுத்துக்கொண்டு வந்து, நான் பத்திரிகை வாசிக்கிற மேசையில், எனக்கு முன்னால் வைத்தாள்.

“எல்லாத்தையும் அழிச்சியள். இதையும் கிழியுங்கோ பாப்பம்.”

எனக்குக் கை வரவில்லை. பாம்பென்று தாண்டவும் ஏலாமல் பழுதை என்று மிதிக்கவும் ஏலாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கும்பம், மாவிலை, உன் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், கத்தரிக்கோல், என் தொப்பி, நடுவில் உன் லப்டொப். கீழே அன்றைய திகதி தானாகவே அச்சாகியிருக்கிறது. பிறகு அம்மா சொன்னாள், இதைக் கொண்டுபோய்ப் பிள்ளையிட்டக் குடுங்கோ, அவள் முடிவெடுக்கட்டும் என்று.

கொம்பனிக்கு நாங்களே நேரே அனுப்பலாம் என்று துவாரகன் சொன்னான், முகவரியும் எடுத்துத் தருகிறேன் என்றான், தன் பெயரையும் போடச் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் என் கோழைத்தனம் என்று நினையாதே, இந்த ஒரு விடயத்தில் அது இல்லை, அதை நீயே கொடுக்க உனக்கு இடம் விட வேண்டும் என்றுதான். இதுவரைக்கும் எழுதியதெல்லாம் சுலபம், இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம், வெட்டியும் திருத்தியும் இருந்தால் பொறுத்துக்கொள்.

விஜயதசமி அன்று மத்தியானம் நீ டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்தாய். அம்மா நீ வர முன்னரே பொட்டைத் துடைத்துச் சட்டையை மாட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள், ஆனால் சட்டை சரியாகப் பூட்டுப்படவில்லை. நீ அதைக் கண்டு கழற்றிப் பார்த்தாய். மூலையில் இடுக்குக்குள் கொஞ்சம் மஞ்சள் காய்ந்து கிடந்தது. ஆரும் தொட்டவையோ என்று கேட்டாய், தூசி தட்டினனான் என்று அம்மா சொன்னாள். நீ கும்பத்தைத் திரும்பிப் பார்த்தாய், அம்மாவின் முகத்தைப் பார்த்தாய், பிறகு கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தாய். நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களை ஏசாமல் விட்டாயே என்று அன்றைக்கு உன்னை நினைத்து மனம் குளிர்ந்தேன். இப்போது அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஸ்டிக்கரின் ஓரம் வெட்டியது போல இருக்கும் பிள்ளை. அம்மா வைக்கிற பொட்டின் ஓரம் ஒருபக்கம் இழுபட்டிருக்கும், அவளுடைய மோதிர விரல் கொஞ்சம் வளைவு. பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பொட்டு உன் நெற்றியில் இருந்தது, வகுப்பில் சிரிக்கிறார்கள் என்று படியிறங்கும்போது நீ துடைத்துக்கொண்டு போவாய், அதுவும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பொட்டைப் படத்தில் கண்டு உனக்குத் தெரியாமல் போயிருக்குமா? தெரியாமல் போயிருந்தால் அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்ட பாவத்தை நானே சுமக்கிறேன். ஆனால் நீ போனில் மூச்சு விடாமல் சொன்ன விதம், உடனே வைத்த விதம் எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு பயத்தைத் தந்துவிட்டது. வேலை போகிற பயம் எனக்குத் தெரியும், விசா போகிற பயம் தெரியும், பொலிஸ் வருகிற பயம் தெரியும். என் பிள்ளை தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறாளோ என்கிற பயம் எனக்குப் புதிது. இவ்வளவு பயங்களோடும் குடித்தனம் நடத்திவிட்டேன் பிள்ளை, இதோடு ஏலாது.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் நிம்மதிப்பட்டவன்தானே. வேலை போனால் வீட்டுக்கு வா. உன் அறை அப்படியே இருக்கிறது, அம்மா உன் கட்டிலில் தோய்த்த துணிகளை மடித்துக் குவித்திருக்கிறாள், அதை மட்டும் எடுக்க வேண்டும். நீ கெட்டிக்காரி, இன்னொரு கொம்பனி உன்னை எடுக்கும், எடுக்காவிட்டால் எங்கள் பேக்கரியில் அந்தப் புது அடுப்புக்கு மூளை வைக்க ஆள் தேடுகிறார்கள். அம்மாவின் மேல் வழக்குப் போட்டால் போடட்டும், அவள் அதற்கும் ஆயத்தமாகத்தான் இருக்கிறாள். படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். தன் பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் அன்ட்ராக் நிரப்புகிற மாதிரி ஒழுங்காக எழுதி, பொட்டு வைத்ததும் படம் எடுத்ததும் நான்தான், என் மகளுக்குத் தெரியாது என்று தன்னுடைய ஜேர்மனில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறாள். பிழை திருத்தட்டுமா என்று கேட்டேன், தொடாதேங்கோ என்றாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, எவ்வளவு வேலை இருந்தாலும் ஒரு நேரமாவது சோறு சாப்பிடு. நீ என்ன முடிவெடுத்தாலும் நீ எங்கள் பிள்ளை, அம்மாளாச்சி உன்னை எந்த இடரும் அண்டாமல் காக்கட்டும், உன் வாக்கும் கையும் எப்போதும் நேராக இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. படத்தை ஈரம் படாமல் வை. மற்றதையெல்லாம் நான் அழித்துவிட்டேன், துவாரகனும் அழித்துவிட்டான். வெட்டாத படம் இது ஒன்றுதான் இருக்கிறது, இப்போது அது உன் கையில்.

உன் பதிலுக்குத் தபால்பெட்டியடியில் நிற்கும்
அப்பா
க. பரராசசிங்கம்